எல்எஸ்டிக்குத் தமிழ்ல என்னா? நழுவடக்கின்னு சொல்லுங்க

போன வாரம் அக்கா மகன் ஒரு தாளக் கொண்டாந்து காட்டுனான். இங்க சுங்கை சிப்புட்ல மோட்டார் வேலை படிக்கப் போறான், எடத்தோட பேரு வேணாம், தமிழ்ப் பசங்களுக்குப் புரியட்டும்னு யாரோ நல்ல மனசுல இங்கிலீஷ் நோட்ட தமிழாக்கிக் குடுத்திருக்காங்க. நல்ல காரியம்தான். ஆனா நாலாவது வரியில "வரையறுக்கப்பட்ட நழுவல் வகையீட்டு அச்சு"ன்னு இருக்கு. "இது என்னா மாமா?"ன்றான். ரெண்டு தடவ படிச்சேன், எனக்கே வெளங்கல. பக்கத்துல இருந்த படத்தப் பாத்த பெறகுதான், அடேய் இது நம்ம எல்எஸ்டி டா, லிமிடெட் ஸ்லிப் டிஃப்ரன்ஷல், பின்னாடி ஷெட்ல ஒன்னு பிரிச்சுப் போட்டிருக்கோமே அதான்னேன்.

இது மொத தடவையா இருந்தா பேசாம விட்டுருப்பேன். வீடியோவுல கீழ ஓடுற தமிழ் எழுத்துல "வரையறுக்கப்பட்ட சீட்டு வேறுபாடு"ன்னு பாத்திருக்கேன். சீட்டாம்! ஸ்லிப்புன்ன ஒடனே துண்டுச்சீட்டுன்னு மெஷின் நெனச்சிடுச்சு, சம்பள ஸ்லிப்பா கேட்டோம் நாம? சரி அது மெஷின், மன்னிச்சு விட்டுடலாம். இந்தத் தாள ஒரு மனுசன் உக்காந்து எழுதியிருக்காரு.

மொதல்ல சொல்லப் பிரிச்சுடுவோம். ஆக்சில்னா அச்சு, மலாய்ல கண்டார். இதுல தகராறே இல்ல. அச்சுங்கிறது சமஸ்கிருதத்து அக்ஷத்துலேர்ந்து வந்துச்சா தமிழ்லயே பொறந்துச்சான்னு ஒரு பழைய சண்ட ஓடிக்கிட்டே இருக்கு, நா அதுல எறங்கல, வள்ளுவர் சொல்லியாச்சு, எனக்கு அது போதும். "பீலிபெய் சாகாடும் அச்சிறும்", குறள் 475, மயிலெறகுதானேன்னு அளவு தெரியாம ஏத்துனா வண்டி அச்சு முறிஞ்சிடும்னு. ஒரு டன்னுக்கு மேல உரமூட்டய ஹைலக்ஸ் பிக்கப்புல ஏத்திட்டு மேட்டுக்காட்டுக்குப் போற நம்ம ஆளுங்க இத டேஷ்போர்டுல ஒட்டி வச்சுக்கலாம். அத விட எனக்குப் புடிச்சது புறநானூறு 102. உப்பு விக்கப் போற உமணருங்க மேடு பள்ளத்துல அச்சு முறிஞ்சா மாத்திக்கிறதுக்கு வண்டிக்கு அடியிலயே இன்னொரு அச்சக் கட்டி வச்சிருப்பாங்களாம், அதுக்குப் பேரு சேம அச்சு. பொகுட்டெழினிய அந்த அச்சு மாதிரின்னு ஔவையார் பாடுறாங்க. ஸ்பேர் ஆக்சிலுக்கு இதுக்கு மேல ஒரு தமிழ்ச்சொல்லு தேடுறவன் வேலையத்தவன்.

அடுத்தது டிஃப்ரன்ஷல். லத்தீன்ல வேற வேறயா கொண்டு போறதுங்கிற அர்த்தத்துலேர்ந்து வந்தது. பெக்கர்னு ஒரு பிரெஞ்சு கடியாரக்காரர் 1820கள் கடைசியில நீராவி வண்டிக்காக இதுக்கு உரிமம் வாங்கினாரு. திருப்பத்துல வெளிப்பக்க வீல் கூட தூரம் ஓடணும், உள்பக்க வீலுக்குக் கொஞ்சம் போதும், ரெண்டயும் ஒரே தண்டுல கட்டிப் போட்டா டயர் தேஞ்சு அச்சு முறுக்கிக்கும், அதனால ஆளுக்கொரு வேகத்துல ஓட விடுற பல்லுக்கூட்டம். அவ்வளவுதான்.

இப்ப அதோட கோளாறு. சாதா டிஃப்ரன்ஷல் ரெண்டு பக்கத்துக்கும் முறுக்குற பலத்த சமமாத்தான் குடுக்கும். புடி இல்லாத வீல் பலத்தையெல்லாம் புடுங்கிக்குதுன்னு நெறைய பேரு சொல்வாங்க, அது தப்பு. ஒரு வீல் செம்பனைத் தோட்டத்துல வாய்க்காலோரச் சேத்துல நிக்குதுன்னு வைங்க, அதச் சுத்தி விட பலமே வேணாம், அப்ப காஞ்ச செம்மண்ல நிக்கிற வீலுக்கும் அந்தக் கொஞ்சூண்டுதான் கெடைக்கும். சேத்து வீல் பம்பரமா சுத்தும், நல்ல வீல் செல மாதிரி நிக்கும், வண்டி சங்குட், மாட்டிக்கும். மழ நாள்ல குல ஏத்தப் போறவங்களுக்கு நா சொல்லித் தெரிய வேண்டியதில்ல.

எல்எஸ்டியில பக்கப் பல்லுக்கும் அதச் சுத்தியிருக்கிற கூட்டுக்கும் நடுவுல கிளட்ச் தட்டுங்கள அப்பளக்கட்டு மாதிரி அடுக்கியிருக்கும், ஒரு தட்டு பல்லோட சேந்து சுத்தும் அடுத்த தட்டு கூட்டோட சேந்து சுத்தும், மாத்தி மாத்தி, ஸ்பிரிங் வச்சு அமுக்கியிருக்கும். ஒரு பக்கம் தனியா பிச்சுக்கிட்டு ஓடப் பாத்தா தட்டும் தட்டும் உரசி இழுத்துப் புடிக்கும், அந்தப் புடி மறுபக்க வீலுக்குப் பலமாப் போயிச் சேரும். திருப்பத்துல மட்டும் போனாப் போகுதுன்னு கொஞ்சம் விட்டுக் குடுக்கும். இந்த விட்டுக் குடுக்கிறத ஞாபகம் வச்சுக்குங்க, சண்டையே அங்கதான்.

இப்ப வகையீட்டுக்கு வர்றேன். வகையீடுங்கிறது கணக்குப் பாடத்துச் சொல்லு. இங்கிலீஷ்ல ரெண்டுக்கும் ஒரே டிஃப்ரன்ஷல்ங்கிற சொல்லுதான், அகராதியில மொதல்ல கண்ணுல பட்டத எடுத்து ஒட்டிட்டாரு எழுதுனவரு. சரி, அந்தக் கணக்காவது நம்ம பசங்களுக்குத் தமிழ்ல தெரியுமா? தமிழ்ப்பள்ளி ஆறாம் ஆண்டோட முடிஞ்சிடுது, படிவம் 4, 5ல கூடுதல் கணிதம் எடுக்கிறவன் அத மலாய்லயும் இங்கிலீஷ்லயும்தான் படிக்கிறான், வகையீடுங்கிற சொல்லையே அவன் வாழ்க்கையில பாத்திருக்க மாட்டான். அப்ப இது யாருக்கு எழுதுனது? ஊர்ல படிச்ச கணக்கு வாத்தியாருக்கா? அவரு இங்க வந்து பினியன் பேரிங் மாத்தப் போறாரா? மலாய்க்காரங்க இந்த வேலைய எவ்வளவு லேசா முடிச்சிட்டாங்க பாருங்க, பேசான்னா வித்தியாசம், வித்தியாசம் பண்றது பெம்பேசா, தீந்துச்சு. நமக்கும் வேறுபாட்டுப் பல்லிணைன்னு ஒன்னு ஏற்கனவே இருக்கு, பல்லுச் சக்கரம் கண்ணுக்குத் தெரியுற சொல்லு, கொஞ்சம் நீளம்தான் ஆனா பொய் சொல்லாது. கையில இருக்கிறத விட்டுட்டுப் புதுசாத் தப்புப் பண்றதுக்கு என்னா அவசரம்னு எனக்குப் புரியல.

வரையறுக்கப்பட்ட, இது இன்னொரு வயித்தெரிச்சல். எங்க லிமிடெட்னு பாத்தாலும் இதத் தூக்கி ஒட்டிடுறாங்க. கடைப் பலகையில கம்பெனி பேருக்குப் பின்னாடி வர்ற லிமிடெட் மாதிரி, நழுவல் கம்பெனி ஒன்னு நடத்துற மாதிரி இருக்கு. பட்ட, பட்டன்னு முடியுற தமிழாக்கம் எல்லாமே எனக்கு அலர்ஜி, "பயன்படுத்தப்பட்ட எண்ணெய் வெளியேற்றப்பட்ட பின்னர்"னு அதே தாள்ல இன்னொரு வரி இருக்கு, பழைய எண்ணெய எறக்குன பெறகுன்னு எழுதுனா யாரு கைய வெட்டப் போறா?

இன்னொரு கோஷ்டி பூட்டு அச்சு, சறுக்காத அச்சுன்னு சொல்றாங்க. கேக்க நல்லாத்தான் இருக்கு. ஆனா பூட்டுறது லாக்கரு, அது வேற சாமான், ரெண்டு தண்டையும் ஒன்னாக் கட்டிப் போட்டுடும், தார் ரோட்டுல பூட்டி வச்சுக்கிட்டுத் திரும்பிப் பாருங்க டயர் அழுவும். எல்எஸ்டி அப்பிடிக் கட்டாது. சேத்துல ஒரு வீல் சுத்தமா அந்தரத்துல தொங்குனா தட்டு வச்ச எல்எஸ்டியும் ஓரளவுக்குத்தான் தாக்குப் புடிக்கும், லாக்கருக்கு அந்தக் கவல இல்ல. ரெண்டையும் ஒரே பேருல கூப்பிட்டா, பழைய வண்டிய வெட்டிச் சாமான் விக்கிற ஹாப்கட் கடையில ஏமாந்துதான் வரணும்.

அப்ப ஸ்லிப்புக்கு என்னா சொல்லு? வழுக்குறது தரை, பாசி புடிச்ச குளிப்பறை. சறுக்குறது காலு, யானைக்கும் அடி சறுக்கும்ல, டயர் ரோட்டுல இழுத்துக்கிட்டுப் போறதையும் சறுக்குதுன்னு சொல்லிக்கலாம். ஆனா எல்எஸ்டியில இருக்கிற ஸ்லிப்பு டயருக்கும் ரோட்டுக்கும் நடுவுல நடக்கிறதில்ல, கூட்டுக்கு உள்ள ஒரு தண்டு இன்னொரு தண்டோட புடியிலேர்ந்து உருவிக்கிட்டு ஓடுறது. கையிலேர்ந்து மீனு போற மாதிரி. அது நழுவல்தான். ஆக, தாள் எழுதுனவரு இந்த ஒரு சொல்ல மட்டும் சரியாப் புடிச்சிருக்காரு, அதுக்கு ஒரு தே ஓ வாங்கிக் குடுக்கலாம்.

லிமிடெட்டுக்கு அடக்கு. அடக்குறதுன்னா நிறுத்துறதுதானேன்னு எங்க போர்மன் அண்ணே கேட்டாரு. இல்லண்ணே, கோயில்ல மேளக்காரர அடக்கி வாசின்னா அவரு மேளத்தக் கீழ வச்சிடுறாரா, வாசிக்கத்தான் செய்றாரு, அளவோட. சைலன்சர ஒலியடக்கின்னு சொல்றோம், சத்தமே வராமயா போயிடுது? நழுவ விடும் ஆனா அளவோட, அதான் நழுவடக்கி. நழுவும் அடக்கியும் இப்பிடிச் சேரலாமான்னு புணர்ச்சி விதியத் தூக்கிட்டு யாராச்சும் வருவீங்க, வாங்க, நழுவு கடைசியில நிக்கிற முற்றியலுகரமும் சில எடத்துல ஓடும்னு நன்னூலே வழி விட்டிருக்கு. அண்ணே கொஞ்ச நேரம் யோசிச்சிட்டு, சரி வாயில நிக்குதுன்னாரு. அவரு அப்பிடிச் சொன்னதே எனக்குப் பெரிய பரிசு, 40 வருஷமா அவரு எந்தப் புதுச்சொல்லையும் ஏத்துக்கிட்டதில்ல.

சரியான சொல்லு வேலைக்கு ஒதவும்ங்கிறதுக்கு எங்க ஷெட்லயே சாட்சி இருக்கு. என் பழைய ஹைலக்ஸுக்கு ஹாப்கட் கடையிலேர்ந்து பின்னச்ச, அதான் பின்பக்க அச்ச, முழுசா எறக்குனோம், கடைக்காரரு எல்எஸ்டின்னுதான் குடுத்தாரு. ரெண்டு வீலையும் தூக்கி, நியூட்ரல்ல போட்டு, மருமவன ஒரு வீலக் கையால சுத்தச் சொன்னேன். எல்எஸ்டின்னா மறுபக்க வீலும் அதே பக்கமா சுத்தணும். அது எதிர்ப்பக்கமா சுத்துச்சு. "மாமா ஏமாத்திட்டான்"ன்றான். அவசரப்படாத, நழுவல அடக்குற தட்டு தேஞ்சு போயிருந்தா அடக்க ஆளில்லாம சாதா மாதிரிதான் சுத்தும்னேன். பிரிச்சா அதேதான், கூட்டுக்குள்ள தட்டெல்லாம் இருக்கு, ஆனா கண்ணாடி மாதிரி வழவழன்னு தேஞ்சு நீலம் பூத்துக் கெடக்கு. பூட்டு அச்சுன்னு படிச்சிருந்தா அவன் அங்க பூட்டத் தேடிக்கிட்டு இருந்திருப்பான்.

புதுத் தட்ட எண்ணெயில ராத்திரி முழுக்க ஊறப் போட்டு அடுக்குனோம். பெரிய சக்கரம் கிரவுன்ல பல்லு 41, அதச் சுத்துற சின்னச் சக்கரம் பினியன்ல 10ன்னு எண்ணிப் பாத்துக்கிட்டோம், முன்னச்சும் அதே 4.1, போர்வீல் வண்டியில முன்னும் பின்னும் வேற வேற கணக்கா இருந்தா முன்னுக்கும் பின்னுக்கும் பலத்தப் பிரிச்சுக் குடுக்கிற டிரான்ஸ்பர் கேஸ் முறுக்கிச் சாவும். ரெண்டு பல்லுக்கும் நடுவுல இருக்கிற ஆட்டம் ஒரு மில்லிமீட்டர்ல பத்துல ஒன்னு ரெண்டு பங்குதான் இருக்கலாம், மெல்லிசுத் தகடு வச்சு அத சரி பண்ற ஷிம் வேலையிலயே ஒரு நாள் போச்சு. அப்புறம் யூ போல்ட், பிரேக் பைப், ஹேண்ட்பிரேக் கேபிள், அதெல்லாம் துரு புடிச்ச கத, எல்லாருக்கும் தெரிஞ்சது. எண்ணெய்ல மட்டும் கஞ்சத்தனம் பண்ணாதீங்க, எல்எஸ்டிக்குன்னு எண்ணெயில கலக்கிற மருந்து சேக்காட்டி திருப்பத்துல தட்டு விட்டு விட்டுப் புடிச்சுக் கடகடன்னு கத்தும். இன்னொன்னு, ஒரு வீல மட்டும் ஜாக்குல தூக்கிட்டு கியர்ல போட்டு எஞ்சின ஓட்டிப் பாக்காதீங்க. தரையில இருக்கிற வீல் வண்டிய ஜாக்குலேர்ந்து எறக்கிட்டுப் போயிடும்.

மருமவன் அந்தத் தாள்ல வகையீட்ட அடிச்சிட்டு நழுவடக்கிப் பின்னச்சுன்னு எழுதிக்கிட்டுப் போனான், அங்க வாத்தியாரு என்ன சொன்னாருன்னு இன்னும் சொல்லல. கழட்டுன பழைய சாதா அச்சு ஷெட்டுக்குப் பின்னாடி ரெண்டு டயர் மேல கெடக்குது. விக்கட்டுமான்னு கேட்டேன், வேணாம்னுட்டு சாக்பீஸால அது மேல சேம அச்சுன்னு எழுதி வச்சிருக்கான்.