சொல்லாமல் அடித்த அடி

ஒரு நாடு இன்னொரு நாட்டை மிரட்டுவதில் இரண்டு வகை உண்டு. 'இந்தக் கோட்டைத் தாண்டாதே' என்பது ஒன்று, 'நீ செய்ததைக் கலைத்துவிடு' என்பது இன்னொன்று. இரண்டாவது பலமடங்கு கடினம், ஏனென்றால் முதலாவதற்குப் பணிகிறவன் சும்மா இருந்தாலே போதும், பயந்துதான் நின்றான் என்று யாராலும் நிரூபிக்க முடியாது. இரண்டாவதிலோ அவன் எல்லார் கண்முன்னாலும் பின்வாங்கியாக வேண்டும். இதைத் தெளிவாகப் பிரித்துக் காட்டியவர் அமெரிக்கப் பொருளியலாளர் தாமஸ் ஷெல்லிங், 2005-இல் நோபல் பரிசு பெற்றவர்.

நம் மலேசியா பிறந்தபோதே இந்த இரண்டாம் வகை மிரட்டலைச் சந்தித்தது. 1963-இல் இந்தோனேசிய அதிபர் சுகர்ணோ தொடங்கிய கொன்ஃப்ரன்தாசி என்ற மோதலைத்தான் சொல்கிறேன். மலேசியாவே இருக்கக் கூடாது என்பது கோரிக்கை. அதற்குப் பணிந்தால் மிச்சம் எதுவும் இருக்காது, அதனால் பணிய வழியே இல்லை. மிரட்டல் பலிக்காதபோது மிரட்டியவர் இன்னும் ஒரு படி ஏற வேண்டியிருக்கிறது. 1964 ஆகஸ்டில் ஜொகூரின் பொந்தியானில் இந்தோனேசிய ஆட்கள் படகில் வந்து இறங்கினார்கள், செப்டம்பரில் அதே ஜொகூரின் லாபிஸில் பாராசூட்டில் குதித்தார்கள்.

சரி, திருப்பி அடிப்பது எப்படி? இந்தோனேசியத் துறைமுகத்தில் குண்டு போட்டால் முழுப் போர், சும்மா இருந்தால் ஊடுருவல் நிற்காது. மலேசியாவைக் காக்க நின்ற பிரிட்டிஷ் தளபதி வால்டர் வாக்கர் எடுத்த வழிதான் எனக்கு இந்தக் கதையிலேயே முக்கியமானது. 'கிளாரெட்' என்ற பெயரில் சரவாக், சபா எல்லையைத் தாண்டி, போர்னியோவின் இந்தோனேசியப் பகுதியான கலிமந்தானுக்குள் சிறு படைகள் போயின, முதலில் 5,000 கஜம் வரை மட்டும், பிறகு 10,000 கஜம் வரை. ஒவ்வொரு தாக்குதலுக்கும் மேலிடத்து அனுமதி வேண்டும். உயிரோடோ பிணமாகவோ ஒரு வீரன்கூட எதிரி கையில் சிக்கக் கூடாது. எந்தத் தடயமும் விடக் கூடாது.

முக்கியமாக, வெளியே சொல்லக் கூடாது. அடி வாங்கியவனுக்கு அது தெரியும், ஊருக்குத் தெரியாது. ஊர் பார்த்திருந்தால் மானத்துக்காகவாவது திருப்பி அடித்தாக வேண்டும், பார்க்காததால் விட்டுவிடலாம். ஜகார்த்தாவும் பெரிதாகக் கூச்சல் போடவில்லை. எல்லையோரத்தில் தாக்கிக்கொண்டிருந்த இந்தோனேசியப் படைகள் தங்களைக் காத்துக்கொள்ளும் வேலையில் இறங்கின. கிளாரெட் மட்டுமே மோதலை முடித்தது என்று சொல்ல மாட்டேன், 1965-க்குப் பிறகு ஜகார்த்தாவில் அதிகாரமே கைமாறியது. ஆனால் 1966 ஆகஸ்ட் 11-இல் இரு நாடுகளும் சமாதான ஒப்பந்தத்தில் கையெழுத்துப் போட்டபோது யாரும் பகிரங்கமாகத் தோற்றிருக்கவில்லை. பிரிட்டன் இதை வெளியே ஒப்புக்கொண்டது 1974-இல்தான்.

அப்புறம், 'தாண்டாதே' வகைக்கு இங்கே பினாங்கிலேயே உதாரணம் இருக்கிறது. பட்டர்வொர்த் விமானத் தளத்துக்குள், மலேசியா, சிங்கப்பூர், ஆஸ்திரேலியா, நியூசிலாந்து, பிரிட்டன் சேர்ந்த ஐந்து நாட்டுத் தற்காப்பு ஏற்பாட்டின் வான் தற்காப்புத் தலைமையகம் இயங்குகிறது, அதை நடத்துபவர் ஓர் ஆஸ்திரேலிய அதிகாரி. 1971-இன் அந்த ஏற்பாட்டில் சண்டைக்கு வருவேன் என்று எந்த நாடும் எழுதிக் கொடுக்கவில்லை. மலேசியாவையோ சிங்கப்பூரையோ யாராவது தாக்கினால் உடனே கலந்து பேசுவோம், அவ்வளவுதான். வெற்றுக் காகிதம் என்று சிலர் சொல்வார்கள், நான் ஒத்துக்கொள்ள மாட்டேன். அங்கே விழும் குண்டில் ஆஸ்திரேலியரும் சாவார்கள், அதற்குப் பிறகு ஆஸ்திரேலிய அரசு என்ன செய்யும் என்று தாக்க நினைப்பவனால் கணக்குப் போட முடியாது. அந்த நிச்சயமின்மைதான் தடுக்கிறது.

இன்றைய நெருக்கடி தென்சீனக் கடலில். 2021 மே 31-இல் சீனாவின் 16 இராணுவப் போக்குவரத்து விமானங்கள் சரவாக் பக்கம் வந்தன, அழைத்தும் பதில் இல்லை. லாபுவானிலிருந்து ஹாக் விமானங்கள் கிளம்பிப் போய் அடையாளம் பார்த்தன, பிறகு வெளியுறவு அமைச்சு சீனத் தூதரை அழைத்தது. துப்பாக்கிச் சூடு இல்லை, ஆனால் கண்டுகொள்ளாமலும் விடவில்லை. சரவாக் கரைக்கு அப்பாலுள்ள லுக்கோனியா கடல்திட்டுகளைச் சீனக் கடலோரக் காவல் கப்பல்கள் சுற்றிக்கொண்டிருக்கும்போதே சரவாக் கடலில் பெட்ரோனாஸின் எரிவாயுத் துரப்பண வேலை நடந்துகொண்டிருக்கிறது. சத்தம் போடாத இந்தப் போக்கைக் கோழைத்தனம் என்பவர்களிடம் நான் கேட்பது ஒன்றுதான்: துரப்பணம் நின்றதா? நின்றால், அன்றைக்கு நானும் உங்களோடு சேர்ந்து கேள்வி கேட்பேன்.