ராமேஸ்வரம் வேனில் ஏறும் முன்

போன திங்கட்கிழமை விடிந்தும் விடியாமல் என் கிளினிக் வாசலில் ஒரு டூரிஸ்ட் வேன் வந்து நின்றது. முன் கண்ணாடியில் பூமாலை, மேலே ஈரத் துணி மூட்டைகள். தருமபுரி பக்கத்துக் கிராமம் ஒன்றிலிருந்து ராமேஸ்வரம் போய்விட்டு நேராக இங்கே வந்திருக்கிறார்கள். வீட்டுக்குக்கூடப் போகவில்லை. பின்சீட்டில் பிளஸ் ஒன் படிக்கிற பையன், உட்கார்ந்தபடியே மூச்சு வாங்கிக்கொண்டிருந்தான். படுக்க முடியவில்லை. விரலில் மாட்டிப் பார்த்தால் ஆக்சிஜன் 82. 95க்கு மேல் இருக்க வேண்டியது.

முந்தின நாள் மதியம் தனுஷ்கோடியில் அலை இழுத்துப் போயிருக்கிறது. சித்தப்பாவும் ஒரு மீனவரும் சேர்ந்து இழுத்துப் போட்டிருக்கிறார்கள். அப்புறம் நம் ஊர் வைத்தியம். தலைகீழாகத் தோளில் போட்டுக் குலுக்கி, வயிற்றை அமுக்கி, ஒரு வாளித் தண்ணீர் வாந்தி எடுக்க வைத்திருக்கிறார்கள். பையன் கண் திறந்ததும் கையெடுத்துக் கும்பிட்டு, டீ வாங்கிக் கொடுத்து, மீதித் தரிசனத்தை முடித்துக்கொண்டு இரவு வண்டி ஏறியிருக்கிறார்கள். வழியெல்லாம் இருமல். "தண்ணி எல்லாம் வெளிய வந்துடுச்சுங்க டாக்டர், அதான் சரியாயிடும்னு இருந்துட்டோம்" என்றார் அப்பா. தொப்பூர் கணவாய் ஏறும்போதுதான் பயம் வந்ததாம்.

ராமநாதபுரம், மதுரை, திண்டுக்கல், கரூர், நாமக்கல், சேலம். அந்த வேன் கடந்து வந்த ஊர்கள் இவை. ஆறிலும் அரசு மருத்துவக் கல்லூரி மருத்துவமனை இருக்கிறது. ஆறையும் தாண்டி, 450 கிலோமீட்டருக்கு மேல், மூச்சு முட்டும் பிள்ளையைப் பின்சீட்டில் வைத்துக்கொண்டு என்னிடம் வந்திருக்கிறார்கள். நான் ஆக்சிஜன் மாட்டி மருத்துவக் கல்லூரிக்கு அனுப்பினேன். பையன் பிழைத்துவிட்டான். ஆனால் இப்படி வந்தவர்களில் இவன் முதல் ஆள் இல்லை. பிழைக்காதவர்களும் உண்டு. அதனால்தான் எழுத உட்கார்ந்தேன்.

முதலில் அந்தத் தலைகீழ் வைத்தியம். தயவுசெய்து இதை நிறுத்துங்கள். தலைகீழாகப் பிடித்தால் வாய் வழியாக வருகிறதே, அது வயிற்றில் இருந்த தண்ணீர். நுரையீரலில் இருந்தது இல்லை. மூழ்கியவரின் நுரையீரலுக்குள் போகும் தண்ணீர் பெரும்பாலும் கொஞ்சம்தான். ஆனால் அந்தக் கொஞ்சமே உள்ளே கெடுதல் செய்யப் போதும். அதைக் குலுக்கி வெளியே எடுக்க முடியாது, எடுக்கத் தேவையும் இல்லை. நீங்கள் வயிற்றை அமுக்கும்போது நடப்பது வேறு. வயிற்றில் கிடக்கும் பொங்கலும் புளிப்புத் தண்ணீரும் மேலே ஏறி, மயக்கத்தில் இருப்பவரின் மூச்சுக்குழாயில் இறங்கும். கடல் பாதி கெடுத்ததை நாம் மீதியும் கெடுக்கிறோம். அதைவிடக் கொடுமை, குலுக்குகிற அந்த மூன்று நான்கு நிமிடம். மூளை காற்றில்லாமல் தாங்கும் நேரமே அவ்வளவுதான். வாளி நிறையத் தண்ணீர் வந்தது என்று சந்தோஷப்படாதீர்கள். மூச்சு வந்ததா என்று பாருங்கள்.

மல்லாக்கப் படுக்க வையுங்கள். மூச்சு இல்லையென்றால், மூக்கைப் பிடித்துக்கொண்டு வாயோடு வாய் வைத்து நெஞ்சு எழும்பும்படி இரண்டு முறை ஊதுங்கள். மூழ்கியவருக்கு மூச்சுதான் முதல் மருந்து, நெஞ்சை அழுத்துவது அடுத்தது. அப்புறம் நெஞ்சின் நடுவில் 30 தடவை அழுத்தி, இரண்டு முறை ஊதி, 108 ஆம்புலன்ஸ் வரும்வரை விடாமல் செய்யுங்கள். மூச்சு இருந்து நினைவு இல்லையென்றால் ஒருக்களித்துப் படுக்க வையுங்கள். கண் விழித்துப் பேசினாலும், இருமல் இருந்தாலோ மூச்சு வாங்கினாலோ கிட்டே இருக்கிற ஆஸ்பத்திரிக்குத்தான் போக வேண்டும். அங்கே சில மணி நேரம் வைத்துப் பார்த்து, சரியாக இருந்தால் அவர்களே அனுப்பிவிடுவார்கள். ஊருக்கு வந்து பார்த்துக்கொள்ளலாம் என்ற பேச்சே வேண்டாம்.

இரண்டாவது, "எங்களுக்கு நீச்சல் தெரியும் டாக்டர்." தெரியும்தான், இல்லையென்று சொல்லவில்லை. நானும் முதுகில் காலி எண்ணெய் கேன் கட்டிக் கிணற்றில் கற்றுக்கொண்ட ஆள்தான். ஒகேனக்கல்லில் ஆடிப்பெருக்கு குளித்தவர்கள், கேஆர்பி டேமில் மீன் பிடித்தவர்கள் நாம். ஆனால் கிணற்றுத் தண்ணீர் நம்மை எங்கேயும் கூட்டிப் போகாது. நாலு கை வீசினால் படிக்கட்டு வந்துவிடும். கடல் நம்மைத் தூக்கிக்கொண்டு போகும். கரைக்கு அடித்து வந்த தண்ணீர் எல்லாம் திரும்பிப் போக ஒரு வழி தேடும். அலை உடையாமல் அமைதியாகத் தெரிகிறதே ஒரு சந்து, பெரும்பாலும் அதுதான் அந்த வழி. நம் ஆட்கள் குழந்தையோடு இறங்குவது சரியாக அங்கேதான். இழுவை பலமாக இருந்தால் ஒலிம்பிக் வீரரும் அதை எதிர்த்துக் கரைக்கு நீந்த முடியாது. மாட்டிக்கொண்டால் எதிர்த்து நீந்தாமல் மிதந்து கையை உயர்த்துங்கள். முடிந்தால் கரைக்கு இணையாகப் பக்கவாட்டில் நகருங்கள். இன்னொன்று, மூழ்குகிறவர் சினிமாவில் வருவது போலக் கத்தமாட்டார். சத்தமில்லாமல் ஒரு நிமிடத்துக்குள் முடிந்துவிடும். செல்பி எடுத்துவிட்டுத் திரும்பினால் ஆள் இருக்காது.

தனுஷ்கோடி மற்ற கடற்கரை மாதிரியும் இல்லை. பாம்பன் தீவின் வாலில் ஒரு மணல் திட்டு, இரண்டு பக்கமும் கடல். 1964 டிசம்பர் புயலில் பயணிகள் ரயிலோடு ஒரு ஊரே போன இடம். பாக் நீரிணை பக்கத்தைப் பெண் கடல் என்றும், மன்னார் வளைகுடா பக்கத்தை ஆண் கடல் என்றும் சொல்வார்கள். பெண் கடல் சாது என்று கேள்விப்பட்டு இறங்கிவிடுகிறார்கள். தென்மேற்குப் பருவக்காற்றில் ஆண் கடல் கொந்தளிக்கும், ஐப்பசி கார்த்திகை வாடையில் பெண் கடலும் கொந்தளிக்கும். அரிச்சல்முனையில் இரண்டும் சந்திக்கின்றன. அங்கே குளிக்கக் கூடாது என்று போர்டு வைத்திருப்பது நம்மைத் துரத்த இல்லை. பார்த்துவிட்டு, காலைக்கூட நனைக்காமல் வாருங்கள். அங்கே ஒன்று ஆனால் ராமேஸ்வரம் டவுனுக்கே சுமார் 20 கிலோமீட்டர், ஒரே ரோடு. பெரிய ஆஸ்பத்திரிக்கு அதற்கு மேல் 50 கிலோமீட்டருக்கு மேல் போக வேண்டும்.

2024 மே மாதம் கன்னியாகுமரி மாவட்டம் லெமூர் கடற்கரையில் மருத்துவ மாணவர்கள் ஐந்து பேர் அலையில் போனார்கள். கள்ளக்கடல் எச்சரிக்கை அமலில் இருந்த நாட்கள் அவை. கள்ளக்கடல் என்றால் வானத்தில் மேகம் இருக்காது, காற்றும் இருக்காது, எங்கோ தொலைவில் கிளம்பிய அலை திடீரென்று கரையில் ஏறும். ஹைதராபாத்தில் இருக்கும் இன்காய்ஸ் என்ற மத்திய அரசின் கடல் தகவல் மையம் முன்கூட்டியே அறிவிக்கிறது, செய்தியிலும் வரும். வேனுக்கு அட்வான்ஸ் கொடுத்துவிட்டோம், ரூம் போட்டுவிட்டோம் என்று அதைப் புறக்கணிக்காதீர்கள்.

சரி, போகவே கூடாதா? போங்கள். பாம்பன் பாலத்தைப் பார்க்காமல் ஒரு பிள்ளை வளர வேண்டாம். கடலில் முழுக்குப் போட அக்னி தீர்த்தம் போதும், அதுவும் இடுப்பளவுக்கு மேல் வேண்டாம். இரவெல்லாம் வண்டியில் தூங்காமல் வந்து காலையில் நேராகத் தண்ணீரில் இறங்காதீர்கள். குடித்தவரைக் கரையிலேயே உட்கார வையுங்கள், மாமனாக இருந்தாலும் சரி. குழந்தைகள் தண்ணீரில் இருக்கும் நேரம் முழுக்க ஒரு பெரியவர் போனைப் பையில் போட்டுவிட்டுப் பார்த்துக்கொண்டு மட்டும் இருக்கட்டும். "எல்லாரும் பார்த்துக்குவாங்க" என்றால் யாரும் பார்க்கவில்லை என்று பொருள். சேலையோடும் நீளப் பாவாடையோடும் ஆழத்துக்குப் போக வேண்டாம், நனைந்தால் கால் பின்னிக்கொள்ளும். 1093 கடலோரப் பாதுகாப்புக் குழும எண், 108ஓடு சேர்த்து எல்லார் போனிலும் இருக்கட்டும். சர்க்கரை உள்ளவர்கள் மதிய மணலில் செருப்பில்லாமல் நடக்கவே கூடாது. பாதம் வெந்ததே தெரியாமல் திரும்பி வந்தவர்களுக்கு நான் மாதக்கணக்கில் கட்டுப் போட்டிருக்கிறேன். தீர்த்தமாடுவதற்காகப் பிரஷர் மாத்திரையை நிறுத்திவிட்டு வரும் பாட்டிகளே, மாத்திரை போட்டால் புண்ணியம் குறையாது.

யாராவது ஒருவர் இழுபட்டால் நீங்களும் குதிக்காதீர்கள், கெஞ்சிக் கேட்கிறேன். ஒருவருக்காகப் போய் மூன்று பேர் போன வீடுகள் உண்டு. காலி குடிநீர் கேன், வேன் டயர் டியூப், கயிறு, கையில் கிடைத்ததை வீசுங்கள். மிதப்பது எதுவானாலும் சரி. பக்கத்தில் இருக்கும் மீனவரைக் கூப்பிடுங்கள், அந்தத் தண்ணீர் அவருக்குத்தான் தெரியும்.

பரீட்சை முடிகிறது, வேன்கள் புக் ஆகத் தொடங்கிவிட்டன. கிளம்பும் முன் உங்கள் குழுவில் இரண்டு பேரும் வேன் டிரைவரும் ஒரு சாயங்காலம் ஏழு மணிக்கு மேல் கிளினிக்குக்கு வாருங்கள். மூச்சு ஊதுவதையும் நெஞ்சை அழுத்துவதையும் தலையணை வைத்துச் செய்து காட்டுகிறேன். கால் மணி நேரம் ஆகும். பீஸ் வேண்டாம்.