ஸ்கிரீன் பிரிண்டிங்: திரையா, சல்லடையா?

போன மாதம் சென்னையில் ஒரு சின்னக் கண்காட்சி பார்த்தேன். ஒரு சுவர் முழுக்கக் கதைப் புத்தகங்களுக்கு வரைந்த படங்கள். எதிர்ச் சுவரில் ஸ்கிரீன் பிரிண்டிங்கில் போட்ட ஓவியங்கள். அந்தச் சுவரின் மேல் 'திரை அச்சு' என்று தமிழில் பலகை. எனக்கு முன்னால் நின்ற பெரியவர் அதைப் படித்துவிட்டுப் பேரனிடம், "சினிமா போஸ்டர்டா" என்றார். அவரைக் குறை சொல்ல முடியாது. வெள்ளித்திரை, சின்னத்திரை, திரையரங்கு என்று அந்தச் சொல்லைச் சினிமாவுக்கு எழுதிக் கொடுத்துப் பல காலம் ஆகிறது.

சரி, சினிமாவை விடுவோம். அதற்கு முன்னும் திரை என்றால் மறைப்பதுதான். சிலப்பதிகார அரங்கேற்று காதையில் வரும் மூன்று எழினிகளும் மேடைத் திரைகளே. கடல் அலைக்கும் தோல் சுருக்கத்துக்கும்கூடத் திரை என்ற பெயர் உண்டு. எந்தப் பொருளிலும் துளைக்கு இடமில்லை. ஸ்கிரீன் பிரிண்டிங்கோ துளையை நம்பியே நடக்கும் தொழில்.

கல்யாண வீட்டில் தேங்காய், வெற்றிலை போட்டுத் தரும் மஞ்சப்பையை நினைத்துக்கொள்ளுங்கள். அதில் மணமக்கள் பெயரை அச்சிட, ஒரு சட்டத்தில் மெல்லிய வலைத்துணியை விறைப்பாக இழுத்துக் கட்டி, வெளிச்சம் பட்டால் இறுகும் மருந்தைப் பூசுவார்கள். பெயர் கறுப்பாக உள்ள பிலிமை அதன் மேல் வைத்து விளக்கு காட்டினால், எழுத்துக்கு அடியில் மட்டும் மருந்து இறுகாது. தண்ணீர் அடித்ததும் அது கரைந்துபோய்த் துளைகள் திறந்துகொள்ளும். அப்புறம் சட்டத்தைப் பையின் மேல் வைத்து, மையை விட்டு, ரப்பர் பட்டையால் ஒரு இழுப்பு. திறந்த இடத்தில் மட்டும் மை இறங்கும். ஒவ்வொரு நிறத்துக்கும் தனிச் சட்டம் வேண்டும், அச்சகத்தில் நுழைந்ததும் "ஒரு கலரா, ரெண்டு கலரா?" என்று கேட்பது அதனால்தான். திருப்பூர் பனியனில் பூப்போடுவதும் இதே வேலைதான்.

ஆங்கிலத்தில் 'ஸ்கிரீன்' என்ற சொல்லுக்குத் தடுப்பு, மறைப்பு என்பதோடு, மணலும் ஜல்லியும் சலிக்கும் வலை என்ற பொருளும் உண்டு. தமிழாக்கியவர்கள் முதல் பொருளைப் பிடித்துக்கொண்டார்கள். ஜெர்மானியர் இதை 'சீப்துருக்' என்கிறார்கள்; 'சீப்' என்றால் சல்லடை. பிரெஞ்சில் 'செரிகிராஃபி'. பட்டு என்று பொருள்படும் 'செரிகம்' என்ற லத்தீன் சொல்தான் அதன் முதல் பாதி. இங்கிலாந்தில் மான்செஸ்டரின் சாமுவேல் சைமன் 1907இல் இந்த முறைக்குக் காப்புரிமை பெற்றபோது சட்டத்தில் கட்டியது பட்டுத்துணி. 1930களின் கடைசியில் அமெரிக்க ஓவியர்கள் தங்கள் வேலையைக் கடை விளம்பரத்திலிருந்து பிரித்துக்காட்ட 'செரிகிராஃப்' என்று சொல்லத் தொடங்கினார்கள். கொஞ்சம் அந்தஸ்து தேடிய பெயர் என்று எனக்குத் தோன்றும். இன்று சட்டத்தில் இருப்பது பெரும்பாலும் பாலியெஸ்டர். ஆகவே 'பட்டுத்திரை அச்சு' என்று எழுதினால் இரண்டு பிழை.

என் தேர்வு 'சல்லடை அச்சு'. நம் வாசலிலேயே இதற்குச் சாட்சி இருக்கிறது. துளையிட்ட கோலத் தட்டில் மாவைக் கொட்டித் தரையில் வைத்துத் தேய்த்தால் தாமரை விழுகிறதே, அதுவும் இதுவும் ஒரே சூத்திரம். 'அச்சு' என்ற சொல் மட்டும் கொஞ்சம் உறுத்தும். அச்சு வெல்லத்தில் வார்ப்பு உண்டு, இங்கே அது இல்லை. ஆனாலும் அந்தக் கோலத் தட்டையே 'கோல அச்சு' என்று கேட்டு வாங்குகிறோம், அதனால் போகட்டும்.

கண்காட்சியில் கதைப் படங்கள் இருந்த சுவரில் அந்தச் சிக்கல் இல்லை. 'இல்லஸ்ட்ரேஷன்' என்பதன் லத்தீன் வேருக்கு ஒளியூட்டுதல் என்று பொருள். நாம் சொல்லும் 'விளக்கப்படம்' விளக்கோடு உறவுள்ள சொல். இரண்டும் தாமாகவே பொருந்திவிட்டன.

இந்த இரண்டு கலையும் ஒரே தாளில் சேர்வதைப் பார்க்க வேண்டுமானால் சென்னை தாரா புக்ஸ் பதிப்பகத்தின் கையச்சுப் புத்தகங்களைப் புரட்டலாம். கறுப்புத் தாளில், மத்திய இந்தியப் பழங்குடியினரான கோண்டு ஓவியர்களின் மரங்கள் பளிச்சென்று நிற்கும். வழக்கமாகப் புத்தகங்களை அச்சிடும் ஆப்செட் இயந்திரத்தின் மை மெல்லியது, கறுப்புத் தாளில் அமுங்கிவிடும். சல்லடை வழியே இறங்கும் மை கெட்டியாகத் தாளின் மேலேயே உட்காரும். பக்கத்தை விரலால் தடவினால் கோடு தட்டுப்படும்.