அம்மை குத்திய இடத்தில் கொப்புளமா? முதலில் நாளை எண்ணுங்கள்

பெரியம்மைத் தடுப்பூசியில் பெரியம்மைக் கிருமி கிடையாது. அதன் இனத்தைச் சேர்ந்த வாக்சினியா என்ற வைரஸ்தான், அதுவும் உயிரோடு இருக்கிறது. இருமுனை ஊசியை மருந்தில் தோய்த்து, மேல்கையில் 5 மி.மீ. வட்டத்துக்குள் 15 முறை படபடவெனக் குத்த வேண்டும். அரை நிமிடத்துக்குள் பொட்டளவு ரத்தம் கசியவில்லை என்றால் குத்தியது ஆழம் போதவில்லை. ஸ்பிரிட் தடவி, ஈரம் காயுமுன் குத்தினால் வைரஸ் அங்கேயே செத்துப்போகும்.

3-4ஆம் நாள் சிவந்த பரு. 5-6ஆம் நாள் நடுவில் குழிந்த நீர்க்கொப்புளம். 8 முதல் 10ஆம் நாளுக்குள் சீழ் கோத்ததுபோல் கலங்கி உச்சத்துக்குப் போகும். பிறகு பொருக்கு கட்டி, மூன்றாவது வாரத்தில் உதிர்ந்து தழும்பாகும்.

அந்த உச்ச நாளில்தான் பலரும் பதறுகிறார்கள். கொப்புளத்தைச் சுற்றி 10 செ.மீ.க்கு மேல் சிவந்து, அக்குளில் நெறி கட்டி, காய்ச்சலும் அடித்தால் யாருக்குத்தான் பயம் வராது? ஆனால் முதல் முறை குத்திக்கொண்டவர் ரத்தத்தில் வைரஸை முடக்கும் எதிர்ப்புரதங்கள் தலைகாட்டுவதும் ஏறக்குறைய 10ஆம் நாள்தான். முன்பே குத்திக்கொண்டவருக்கு ஒரு வாரம் போதும். ஆகவே இந்தச் சிவப்பு பெரும்பாலும் உடல் வைரஸை எதிர்ப்பதன் அடையாளமே. சிவப்பின் ஓரத்தைப் பேனாவால் கோடிட்டு வையுங்கள். பெரும்பாலும் மூன்று நாளில் தானே வடியும். பாக்டீரியாத் தொற்று என்றால் பொதுவாக முதல் 5 நாளுக்குள் வரும், அல்லது ஒரு மாதம் கழித்து வரும். நாளைக் கேட்காமல் ஆன்டிபயாடிக் எழுதுவது வீண்வேலை.

மறுநாளே சிவந்து, இரண்டு நாளில் அடங்கிவிட்டால் 'பலித்துவிட்டது' என்று நினைக்கக் கூடாது. வீரியம் செத்த மருந்தும் ஒவ்வாமையால் அப்படிச் சிவக்க வைக்கும். 6 முதல் 8ஆம் நாளுக்குள் கையைப் பார்த்தே முடிவு சொல்ல வேண்டும். எதிர்ப்புரத அளவு இவ்வளவு இருந்தால் நோய் வராது என்று வரையறுத்த எண் ஏதும் இல்லை. அதனால் ரத்தப் பரிசோதனையைவிடத் தோலே நம்பகமான சாட்சி.

பொருக்கு உதிரும்வரை அந்த இடத்தில் இருந்து வைரஸ் தொற்றும். அதன்மேல் போட்ட துணிக்கட்டைத் தொட்ட கையோடு கண்ணைக் கசக்கினால் கருவிழியே புண்ணாகலாம். எக்சிமா என்ற தோல் அழற்சி இருப்பவர், சிறுவயதில் அது வந்து ஆறியவர், அப்படிப்பட்டவரோடு ஒரே வீட்டில் வசிப்பவர் எல்லாரும் குத்துமுன்பே சொல்லிவிட வேண்டும். இவர்களுக்குக் குத்தாமல் தவிர்ப்பதில் விட்டுக்கொடுக்கவே கூடாது.

உடலில் பெருகாதபடி பலவீனமாக்கிய வாக்சினியா வைரஸைக் கொண்ட எம்.வி.ஏ. வகைத் தடுப்பூசி வேறு. 28 நாள் இடைவெளியில் தோலுக்கடியில் இரண்டு ஊசி, கொப்புளம் வராது. போட்டபின் சீழ்க்கொப்புளம் வந்தால் ஊசியின் மேல் பழி போடாமல் குரங்கம்மைப் பரிசோதனைக்கு அனுப்புங்கள்.