டிஸ்ட்ரிபியூஷன்: பதிப்பு அல்ல, வழங்கல்

"உபுண்டு என்பது லினக்ஸின் ஒரு பதிப்பு." லினக்ஸ் பற்றித் தமிழில் எதைப் படித்தாலும் இந்த வரி வந்துவிடுகிறது. இது தவறு. புதிதாகக் கற்க வருகிறவரை முதல் நாளே குழப்பிவிடும் தவறு.

உபுண்டு போன்றவற்றை ஆங்கிலத்தில் டிஸ்ட்ரிபியூஷன் என்கிறார்கள். அது லத்தீன் வழி வந்த சொல். பிரித்துக் கொடுத்தல் என்று பொருள். 1991இல் லினஸ் டோர்வால்ட்ஸ் வெளியிட்டது லினக்ஸ் கெர்னல், அதாவது இயங்குதளத்தின் மையப்பகுதி, மட்டும்தான். அதோடு குனு திட்டத்தின் அடிப்படைக் கருவிகள், மென்பொருள்களை நிறுவ ஒரு பேக்கேஜ் மேனேஜர் எல்லாம் சேர்த்து யாராவது கொடுத்தால்தான் நமக்குப் பயன்படும். 1993இல் தொடங்கி இன்றுவரை வரும் ஸ்லாக்வேரும் டெபியனும் அப்படி வழங்கப்பட்டவை. அதனால் வழங்கல்.

பதிப்பு என்பது வெர்ஷன். உபுண்டு 22.04 ஒரு பதிப்பு, 24.04 இன்னொன்று, ஆண்டும் மாதமும் எண்ணிலேயே இருக்கின்றன. லினக்ஸின் பதிப்பு என்றால் அது கெர்னலின் எண்: உபுண்டு 24.04 வந்தபோது அதில் இருந்தது 6.8. உபுண்டுவையே பதிப்பு என்று அழைத்துவிட்டால், "வேறு பதிப்புக்கு மாறுங்கள்" என்ற அறிவுரைக்கு என்ன பொருள்? 22.04இலிருந்து 24.04க்குப் போனால் கோப்புகள் இருந்த இடத்திலேயே இருக்கும். ஃபெடோரா என்ற வேறு வழங்கலுக்குப் போனால் புதிதாக நிறுவ வேண்டும், உபுண்டுவின் பேக்கேஜ் மேனேஜரான ஆப்டின் கட்டளைகளை விட்டு ஃபெடோராவின் டிஎன்எஃப் பழக வேண்டும். இரண்டுக்கும் ஒரே சொல்லா? அப்புறம் ஆர்ச் லினக்ஸ் இருக்கிறது. அதற்குப் பதிப்பு எண்ணே கிடையாது, மாற்றங்கள் தொடர்ந்து வந்துகொண்டே இருக்கும். அதைப் பதிப்பில்லாத பதிப்பு என்று எழுதுவார்களா?

சரி, விநியோகம்? வடசொல் என்பதற்காக நான் அதை ஒதுக்கவில்லை. பால் விநியோகம், குடிநீர் விநியோகம் என்று அது செயலைத்தான் குறிக்கிறது. "லினக்ஸ் மிண்ட் விநியோகத்தை நிறுவினேன்" என்று யாரும் பேசமாட்டார்கள். வழங்கலும் தொழிற்பெயர்தானே என்று கேட்கலாம். ஆமாம், வற்றலும் பொரியலும்கூடத் தொழிற்பெயர்கள்தான். செயலின் பெயர் பொருளுக்கு ஆகிவருவதைத் தொழிலாகுபெயர் என்று பள்ளியிலேயே படித்திருக்கிறோம்.

பேச்சில் டிஸ்ட்ரோ என்றே இருக்கட்டும், குழப்பமில்லை. எழுதும்போது முதலில் வழங்கல், அதற்குள் பதிப்பு. உபுண்டுவைத் தேர்ந்தெடுப்பவர் அதன் எல்டிஎஸ் (நீண்டகால ஆதரவு) பதிப்பை எடுத்தால் ஐந்தாண்டு ஆதரவு கிடைக்கும். இவ்வளவு எளிய யோசனையைச் சொல்வதற்கே இரண்டு சொற்களும் வேண்டியிருக்கிறது. மொழிபெயர்ப்பவர்கள் ஏதாவது ஒரு வழங்கலை ஒருமுறையாவது நிறுவிப் பார்த்துவிட்டு எழுதட்டும்.