மிச்ச மருந்தை சிங்க்கில் ஊற்றாதீர்கள்

மருந்துக்கடையில் வேலை செய்யும் எங்களிடம் பழைய பாட்டிலைக் காட்டி, "தேதி முடிந்துவிட்டது, இன்னும் குடிக்கலாமா?" என்று கேட்பவர்கள் நிறைய. கூடாது என்றால், "சரி, சிங்க்கில் ஊற்றிவிடுகிறேன்" என்பார்கள். குழந்தை கையில் சிக்கக் கூடாதே என்ற அக்கறைதான். மாத்திரையைக் கழிவறையில் போடத் தயங்குபவர்கள்கூட சிரப்பை யோசிக்காமல் ஊற்றிவிடுகிறார்கள்.

ஆனால் மருந்து எளிதில் அழியாதபடி உருவாக்கப்படும் பொருள். வயிற்று அமிலத்துக்கும் கல்லீரலுக்கும் தப்பி, மிகக் கொஞ்ச அளவிலேயே அது வேலை செய்ய வேண்டும். சாக்கடைக்குள் போனதும் அந்தக் குணம் போய்விடாது. கழிவுநீர் சுத்திகரிப்பு நிலையங்கள் மருந்தை அகற்றுவதற்காகக் கட்டப்பட்டவை அல்ல. வலிப்பு நோய்க்குத் தரும் கார்பமசெபின் பெரும்பாலும் அப்படியே அவற்றைக் கடந்து ஆற்றுக்குப் போய்விடுகிறது.

எவ்வளவு கொஞ்சம் போதும் என்பதற்கு ஒரு சோதனையைச் சொல்கிறேன். கனடாவில் ஆராய்ச்சிக்கென்றே ஒதுக்கிய ஓர் ஏரியில், 2001 முதல் 2003 வரை கோடைதோறும் கருத்தடை மாத்திரையில் இருக்கும் செயற்கை ஈஸ்ட்ரோஜன் என்ற பெண் ஹார்மோனைக் கலந்தார்கள். லிட்டருக்கு 5, 6 நானோகிராம்தான். ஒரு நானோகிராம் என்பது கிராமில் நூறு கோடியில் ஒரு பங்கு. ஆண் மீன்களின் உடலில் பெண் மீனுக்குரிய முட்டைப் புரதம் உருவானது. ஒரு சிறு மீன் இனம் அந்த ஏரியிலிருந்து ஏறக்குறைய மறைந்தே போனது.

நீர்நிலைகளில் சேரும் மருந்தில் பெரும்பகுதி நம் சிறுநீர் வழியாகப் போவதுதான். அதற்காக யாரும் மருந்தை நிறுத்தக் கூடாது. ஆனால் மிச்சத்தைக் கொட்டுவதை இன்றைக்கே நிறுத்த முடியும்.

முதலில் மருந்துக்கடையிலோ மருத்துவமனையிலோ திரும்பப் பெறுகிறார்களா என்று கேளுங்கள். பிரான்சில் 1993 முதல் இதற்கென்றே சிக்லாமெட் என்ற அமைப்பு இயங்குகிறது. அந்த வசதி இல்லையென்றால், மாத்திரைகளை அட்டையிலிருந்து பிரித்து, பொடிக்காமல், மண்ணோடோ காபிச் சக்கையோடோ கலந்து, பையில் இறுக்கமாகக் கட்டிக் குப்பையில் போடுங்கள். சிரப்பையும் இப்படியே செய்யலாம். பாட்டிலில் உங்கள் பெயர் இருந்தால் அழித்துவிடுங்கள். இன்ஹேலரைத் துளையிடவோ எரிக்கவோ வேண்டாம், வெடிக்கும். இன்சுலின் ஊசிகள் கெட்டியான பிளாஸ்டிக் டப்பாவுக்குள்தான் போக வேண்டும்.

ஒரு விதிவிலக்கு உண்டு. ஃபென்டனில் போன்ற கடுமையான வலிநிவாரணி கொண்ட, தோலில் ஒட்டும் பட்டைகள், பயன்படுத்திய பிறகும் ஒரு குழந்தையின் உயிரைப் பறிக்கும் அளவுக்கு மருந்தை வைத்திருக்கும். திருப்பிக் கொடுக்க வழியில்லாதபோது இவற்றைக் கழிவறையில் போடச் சொல்கிறது அமெரிக்காவின் மருந்துக் கட்டுப்பாட்டு அமைப்பான எஃப்.டி.ஏ. உங்கள் ஊர் விதி என்னவென்று மருந்தாளுநரிடம் கேட்டுக்கொள்ளுங்கள்.

அப்புறம், மிச்சமே வராமல் பார்ப்பது இன்னும் நல்லது. புதிதாகத் தொடங்கும் மருந்து உடலுக்கு ஒத்துக்கொள்ளாமல் மாற்ற வேண்டி வருவதை நாங்கள் அடிக்கடி பார்க்கிறோம். மொத்தமாக வாங்காமல், முதலில் கொஞ்ச நாளுக்கு மட்டும் தரச் சொல்லி மருத்துவரிடம் கேளுங்கள். ஆன்டிபயாடிக் மட்டும் அப்படியல்ல; அதை மருத்துவர் சொன்ன அத்தனை நாளும் சாப்பிட வேண்டும்.