மஞ்சள் கேப்சூல் கேன்சர் ஜீனை ஆஃப் பண்ணுமா?

ஓபில கீமோ பேஷண்ட் கூட வர்றவங்க அடிக்கடி கேக்குறது இதான், "டாக்டர், மஞ்சள் கேன்சர் ஜீனையே ஆஃப் பண்ணிடுமாமே, வாட்ஸ்அப்ல வந்துச்சு". சுத்தப் பொய்னு தள்ளிவிட முடியாது, பாதி உண்மை அதுல இருக்கு.

நம்ம செல்லுக்குள்ள என்எஃப் கப்பா பி-ன்னு ஒரு புரோட்டீன் இருக்கு, சாதாரணமா இன்னொரு புரோட்டீன் அதைப் பிடிச்சு நியூக்ளியஸுக்கு வெளியவே வச்சிருக்கும். நிறைய கேன்சர்ல அந்தப் பிடி விட்டுப்போய், இது உள்ள போய் உக்காந்துக்கிட்டு செல்லை சாகவிடாத பிசிஎல்-2, செல்லைப் பெருக வைக்கிற சைக்ளின் டி1, கட்டிக்குப் புது ரத்தக்குழாய் இழுத்துட்டு வர்ற விஇஜிஎஃப்னு வரிசையா ஜீன்களை முடுக்கி விட்டுடும். லேப்ல வளர்க்குற கேன்சர் செல் மேல மஞ்சள்ல இருக்கிற குர்குமின்ங்கிற பொருளை ஊத்துனா அந்தப் பிடி விடாம நிக்குது, இந்த ஜீனெல்லாம் அடங்குது. எலிகள்லயும் கட்டி சுருங்கினதா ஆய்வுகள் இருக்கு.

வாய்வழியா சாப்பிடும்போதுதான் சிக்கல். லேப்ல போடுறது பெரும்பாலும் 10, 20 மைக்ரோமோலார் (கரைசல்ல எவ்வளவு செறிவா இருக்குன்னு சொல்ற அளவு). மனுஷங்க தினம் 8 கிராம் குர்குமின் சாப்பிட்டும் ரத்தத்துல 2 மைக்ரோமோலாரைக்கூட தொடல, குடலும் லிவருமே அதை மாத்தி வெளிய தள்ளிடுது. மஞ்சத்தூள்ல குர்குமின் சுமார் 3 சதவீதம்தான், அப்போ 8 கிராமுக்கு தினம் கால் கிலோவுக்கு மேல மஞ்சத்தூள் வேணும்! (ரசத்துல போடுற சிட்டிகைக்கு நான் எதிரி இல்லீங்க.) 2008-ல வெளியான அமெரிக்க ஆய்வுல கணையப் புற்றுநோய்க்காரங்களுக்கு இதே 8 கிராம் குடுத்தாங்க, ஒருத்தருக்கு கட்டி நல்லாவே சுருங்குச்சு, ஆனா கொஞ்ச நாள்தான், இன்னொருத்தருக்கு வளராம நின்னுச்சு, மத்தவங்களுக்குப் பெருசா ஒண்ணும் ஆகல.

அதனாலதான் மிளகுல இருக்கிற பைப்பரினைச் சேத்து கேப்சூலா விக்கிறாங்க. உறிஞ்சுறது கூடும், நிஜம்தான், எனக்குப் பயமே அங்கதான். பைப்பரின் லிவர்ல மருந்தை உடைக்கிற என்சைமையும் தடுக்கக்கூடியது, பேக்லிடாக்செல், நம்ம வாசல்ல பூக்குற நித்தியகல்யாணியிலருந்து வந்த வின்கிறிஸ்டின் மாதிரி கீமோ மருந்தெல்லாம் அந்த வழியாதான் உடம்பை விட்டுப் போகணும், அது தடைபட்டா மருந்து உடம்புலயே அதிகமாத் தங்கிடலாம். போதாக்குறைக்கு இந்த மாதிரி கேப்சூலாலயே லிவர் வீங்கினவங்க இருக்காங்க, எச்எல்ஏ-பி 35:01ங்கிற மரபணு வகை இருக்கிறவங்களுக்கு அதுக்கு வாய்ப்பு அதிகம். ஒரு அம்மாவுக்கு கீமோவுக்கு முன்னாடி பார்த்த எஸ்ஜிபிடி (லிவர் பாதிப்பைக் காட்டுற ரத்த டெஸ்ட்) எக்கச்சக்கமா ஏறியிருந்துச்சு, டோஸைத் தள்ளிவச்சு ஸ்கேன், ஹெபடைடிஸ் டெஸ்ட்னு எல்லாம் பார்த்தும் காரணம் சிக்கல, கடைசியில மருமக பையிலருந்து ஒரு டப்பாவை எடுத்து "இது இயற்கைதானே சார், இதைப் போய் சொல்லணுமா"ன்னாங்க. நிறுத்தினப்புறம் மெல்ல மெல்ல இறங்குச்சு.

எதை எடுத்தாலும் டப்பாவோட கொண்டு வாங்க, திட்ட மாட்டேன், லேபிளைப் படிச்சாதான் கீமோவோட மோதுமான்னு சொல்ல முடியும். கண்ணு மஞ்சளிச்சாலோ யூரின் டீ டிகாக்ஷன் கலர்ல போனாலோ அடுத்த அப்பாயிண்ட்மெண்ட் வரைக்கும் இருக்காம அன்னைக்கே வந்துடுங்க.